மாமனார் சொன்ன தொழில் ரகசியம்

திருப்பதியில் வீட்டு வாசலிலேயே வீடியோ பார்த்து ஒரு ஆட்டோமேட்டிக் காருக்கு கியர் ஆயில் மாற்றினான் தீனா. அதிலிருந்து கார் உதறியது. திருமலைக்கு நடந்தே போயிருந்த மாமனார் பக்கிரிசாமிக்கு போன் போட்டான். சித்தூரில் அவர் பேர்போன மெக்கானிக்.

“இன்ஜின் ஓடிக்கினு இருக்கும்போது ஆயில் அளவு பாத்தீங்களா, மாப்ளே?”

“நிறுத்திட்டுப் பாத்தேன் மாமா. அப்படியே பாகாலா வரைக்கும் போய் வந்தேன்.”

“போச்சு! நிறுத்திப் பாத்தா அளவு அதிகமா காட்டும். ஆயில் பத்தாம உள்ள தேஞ்சிருக்கும். யாரு காரு?”

“தெரிஞ்சவரு காரு. அவருக்கு இன்னா சொல்றது?”

பக்கிரிசாமி குரலைத் தாழ்த்தினார். “தொழில் ரகசியம், வெளிய சொல்லாதீங்க. காருல ஒண்ணுமில்ல, நீங்க ஓட்டறதுதான் சரியில்லன்னு அவரு மேலயே பழியப் போட்டுடுங்க.”

தீனாவுக்கு உயிர் வந்தது.

“மாமா, நீங்க எங்க வாசல்ல விட்டுட்டுப் போன காருல ஒண்ணுமில்ல. நீங்க ஓட்டறதுதான் சரியில்ல.”