கல்பனாவுக்குப் பதில்

புதுவாயல் வாடகை அறையில் ஞாயிறு மத்தியானம் மூன்று பேர் இருக்கிறார்கள். பழவேற்காட்டு யாசர் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து தலை துவட்டுகிறான். வயதில் மூத்த சடையப்பன் ஃபேனுக்கு நேர் கீழே பாயில் கிடக்கிறார். மூன்று ஷிஃப்ட்டுக்கும் அந்த ஒரு பாய்தான். கதவோரம் கவிழ்த்த பக்கெட்டின் மேல் அன்புசெல்வன். இரும்பாலைத் தூசி மிதக்கும் வெயில் அவன் மடியிலிருக்கும் இன்லண்ட் லெட்டரின் பாதிவரை ஏறியிருக்கிறது. பள்ளிப்பட்டிலிருந்து மனைவி கல்பனா கேட்டிருக்கிறாள்: 'அங்கே சந்தோஷமாக இருக்கிறீர்களா? இல்லையென்றால் பால்வாடி வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.' அந்த வேலைக்கு அவள் நான்கு வருஷம் அலைந்தாள். பதிலில் தேதி, நலம், மழை எல்லாம் வரிசையாக எழுதியாயிற்று; அந்தக் கேள்வியில்தான் பேனா நிற்கிறது.

"சந்தோஷம்னா உனுக்கு இன்னாண்ணே?" என்று சடையப்பனைக் கேட்கிறான் அன்புசெல்வன்.

"நைட் ஷிஃப்ட் முடிச்சுக்கினு வரச்சொல்ல இந்தப் பாய் காலியா கெடக்கணும்பா," என்கிறார் சடையப்பன்.

யாசர் சிரிக்கிறான். "பாயாம், போண்ணே! வாராவாரம் அம்மா செஞ்ச எறா தொக்கு வந்துடுது, எனுக்கு அது போதும். உனுக்கு இன்னா அன்பு?"

அன்புசெல்வன் குனிந்து எழுதுகிறான்: 'மிகவும் சந்தோஷமாக இருக்கிறேன். ஷிஃப்ட் முடிந்து வந்தால் படுக்கப் பாய் எனக்கென்று காலியாக இருக்கிறது. வாரம் தவறாமல் எறா தொக்கு. நீ வேலையை விடாதே.' மடித்து, ஓரத்தை நாக்கால் ஈரமாக்கி ஒட்டி, டீக்கடைத் தபால்பெட்டியில் போடுகிறான். ஹைவே லாரிகளின் இரைச்சலில் அது விழுந்த சத்தம் கேட்கவில்லை.