மிச்சக் கிருமி

முப்பத்தெட்டு நாளாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மகள் இன்றைக்குப் பதினொரு மணிக்கு வீட்டுக்கு வருகிறாள்! புது அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"குறைமாசக் குழந்தை, கிருமி அண்டாம பார்த்துக்குங்க" என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், கடையில் இருந்த பாட்டில்களில் பாதி இவர் வீட்டுக்கு வந்துவிட்டது.

லேபிள்களைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்திருந்தார். ப்ளீச்சில் சோடியம் ஹைப்போகுளோரைட். கழிவறை கழுவும் திரவத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டுமே தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது சதவீதக் கிருமியைக் கொல்லுமாம்.

"ரெண்டையும் கலந்துட்டா அந்த மிச்சம் புள்ளி ஒண்ணும் காலி!"

வாளியில் ஒன்றைக் கவிழ்த்தார். மற்றதையும் கவிழ்க்கும்போதே போன் அடித்தது. மனைவி! எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு பால்கனிக்கு ஓடினார்.

"கிளம்பிட்டோங்க! இவ கொட்டாவி விடுறதைப் பார்க்கணுமே, அவ்வளவு அழகு!"

பேசி முடித்து சந்தோஷமாக உள்ளே வந்தவர் திகைத்து நின்றார். வாளி காலி. ஜன்னல்கள் எல்லாம் 'ஆ'வென்று திறந்து கிடந்தன. உதவிக்கு வந்த மச்சான், மனைவியின் தம்பி, குளியலறையில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தான். நீச்சல் குளம் ஒன்றில் வேலை பார்க்கிறவன்.

"டேய், வாளியில இருந்தது எங்கடா?"

"கொட்டிட்டேன் மாமா." இருமினான். கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்தது.

"கொட்டிட்டியா? காலையிலேருந்து மாடா உழைக்கிறேன்! ஜன்னலை வேற தொறந்து வச்சு, ஊர்க் கிருமியையெல்லாம் வா வான்னு கூப்பிடுறியா?"

"மாமா, அது வந்து..." மறுபடியும் இருமல்.

"பேசாதே! அக்கா பிள்ளைன்னா அவ்வளவு அலட்சியமா? நீ வராமலே இருந்திருக்கலாம்!"

அவன் குழாயைத் திருப்பி மூலை முடுக்கெல்லாம் தண்ணீரைப் பீய்ச்சினான்.

வாசலில் கார் சத்தம்! கோபம் போன இடம் தெரியவில்லை. மனைவி இறங்கினாள். அவள் கையில் துணிச்சுருளுக்குள் மகள். கூடவே ஆஸ்பத்திரி நர்ஸ்.

"இருங்க, முதல்ல நான் ரூமைப் பார்த்துடறேன்" என்று உள்ளே போன நர்ஸ், மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு காலி பாட்டில்களோடு வேகமாக வெளியே வந்தார்.

"குழந்தையை வாசல்லயே வச்சிருங்க! யாரு இந்த ரெண்டையும் ஒண்ணாக் கலந்தது?"

புது அப்பா பெருமையாக நெஞ்சை நிமிர்த்தினார்.

"கலந்தா குளோரின் வாயு கிளம்பும். பெரியவங்களுக்கே மூச்சு முட்டும், இவளோட பிஞ்சு நுரையீரல் தாங்குமா? நல்லவேளை, யாரோ உடனே கொட்டி, ஜன்னலைத் தொறந்து, தண்ணி விட்டிருக்காங்க. இன்னும் ஒரு மணி நேரம் காத்தாடட்டும், அப்புறம் போகலாம்."

நிமிர்ந்த நெஞ்சு அப்படியே உள்ளே போய்விட்டது.

மனைவி மகளை இறுக்கி அணைத்துக்கொண்டாள். அவள் பார்வை நேராக இவர் மேல் வந்து நின்றது.

"யாருங்க கலந்தது?"

இவர் நர்ஸ் கையிலிருந்த பாட்டில்களையே பார்த்தார்.

"நான்தான்க்கா, தெரியாம கலந்துட்டேன்." இருமலுக்கு நடுவே மச்சான் முந்திக்கொண்டான். "மாமாதான் பார்த்துட்டு, ஓடி வந்து கொட்டினாரு."