மோர் இறங்கும் நேரம்

"மொதலாளி, பாயசமே இன்னும் பாதி எலைக்குப் போவல. அதுக்குள்ள மோர எடுத்தாரச் சொல்றீங்களே?" என்று பரிமாறும் கலியன் கேட்டான்.

"வாளியத் தூக்கிட்டு வந்து கதவாண்ட நில்லு. நான் தலைய ஆட்டுனதும் பந்தியில எறங்கு" என்றார் தெய்வசிகாமணி.

பாகூர் நண்பர்கள் மன்றத்தில் மாதம் ஒரு ஞாயிறு மதிய விருந்து. முன்னுக்கு வந்த ஒருவர் தன் கதையைச் சொல்வார், மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்கள். பேச்சு நீண்டு இலை காய்ந்துபோன அனுபவத்தில், மோர் இறங்கிவிட்டால் பேசுகிறவர் அந்த வார்த்தையோடு உட்கார்ந்துவிட வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். யோசனை சொன்னவரே தெய்வசிகாமணிதான். மளிகைக் கடைக்காரர் என்பதால் மூன்று வருடமாகப் பந்தி விசாரணை அவர் பொறுப்பு. பேசத்தான் ஒருவரும் கூப்பிடவில்லை. அவர் எழுதி மனப்பாடம் செய்த பேச்சு கடை அலமாரியில் மஞ்சளேறிக் கிடந்தது.

இன்று மைக்கைப் பிடித்திருப்பவன் எதிர்வரிசை உரக்கடை சிங்காரவேலு. பத்து வருடத்துக்கு முன் சைக்கிளில் ஒற்றை உர மூட்டையோடு வந்தவன். உரம் போட்டால்தான் விளையும் ஐ.ஆர்.எட்டு நெல் வந்தாலும் வந்தது, ஏரிப் பாசனக்காரர்கள் அத்தனை பேரும் அவன் கடை வாசலில் நின்றார்கள். இப்போது மாடி வீடு, புல்லட், போதாததற்கு இந்த மேடை வேறு. சைக்கிள் பஞ்சரான கதைக்குக்கூட எல்லோரும் கைதட்டினார்கள். தெய்வசிகாமணிக்கு வயிறு எரிந்தது. இவனுக்கு முன்னால் கடை வைத்தவர் அவர், அவருக்குச் சொல்ல ஒரு கதை இருக்காதா?

பேசி முடிக்கிறவர்தான் அடுத்த மாதம் பேசப்போகிறவர் பெயரை அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் தலைவர் பார்த்துச் சொல்வார். சிங்காரவேலு எப்படியும் தன் சகலை, ரைஸ் மில் மணவாளனைத்தான் சொல்லுவான். தலைவர் பக்கிரிசாமி கைக்குப் போனாலாவது ஒரு வழி பிறக்கும். அதற்காகவே தலைவர் இலையில் மட்டும் பாயசம் இரண்டு கரண்டி விழுந்திருந்தது.

சிங்காரவேலு சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தான்.

"கடைசியா, அடுத்த மாசம்..."

தெய்வசிகாமணி தலையை ஆட்டினார். கலியன் மோர் வாளியோடு இறங்கினான்.

சிங்காரவேலு வாளியைப் பார்த்தான். பிறகு தெய்வசிகாமணியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். முகம் வாடிப்போய், சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கும்பிட்டு உட்கார்ந்துவிட்டான். தலைவர் ஏப்பம் விட்டபடி எழுந்தார். யோசிக்கக்கூட இல்லை, அடுத்த மாதம் மணவாளன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கை கழுவுமிடத்தில் சிங்காரவேலு பக்கத்தில் வந்து நின்றான். "உங்களுக்கு இஷ்டமில்லன்னா காலையிலயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே" என்றான்.

"மோர் வந்தா முடிக்கணும்பா. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார் தெய்வசிகாமணி.

வீட்டுக்கு நடக்கும்போது அவர் மனதைத் தேற்றிக்கொண்டார். அவன் அறிவித்திருந்தாலும் மணவாளன்தான், இதில் தனக்கென்ன குறைந்துவிட்டது? அவன் பேச்சைப் பாதியில் நிறுத்தியதாவது மிச்சம். நினைக்க நினைக்க நடை வேகமானது.

கூடத்தில் அவருடைய கலியாணத்து ஜரிகை வேட்டியை விரித்துப் போட்டு உமையாள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எந்தக் கலியாணத்துக்கு இதெல்லாம் என்று கேட்டார்.

"தெரியாத மாதிரி கேக்கறத பாரு" என்று அவள் சிரித்தாள். "காலையில நீங்க கடைக்குப் போனப்புறம் உரக்கடைக்காரரும் அவரு பொஞ்சாதி விசாலாட்சியும் வூட்டுக்கு வந்தாங்க. அடுத்த மாசம் பேசறதுக்கு உங்க பேரத்தான் எழுதி வச்சிருக்காராம், உங்களுக்குச் சம்மதமான்னு கேக்கச் சொன்னாரு. நான் கேக்கவேயில்ல. மேடையில காதால கேட்டு சந்தோசப்படட்டும்னு வுட்டுட்டேன்."

இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்துவிட்டு ஆசையோடு கேட்டாள்: "உங்க பேரச் சொன்னப்ப எல்லாரும் கைதட்னாங்களா?"