பழைய கார்டு

நாலு திருகாணியும் கழன்றதும் கிராபிக்ஸ் கார்டு கையோடு வந்துவிட்டது.

அன்புசெல்வி அதை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். சிப்பைச் சுற்றிலும் பழுப்பேறிக் கருகியிருந்தது. ஒரு வாரமாகத் திரையில் கோடு கோடாக விழுந்து, கடைசியில் ஒரேயடியாக இருண்டதற்கு இதுதான் காரணம்.

கருகட்டும் என்றிருந்தது அவளுக்கு. இன்னும் நன்றாகக் கருகட்டும்.

லேப்டாப் பனியன் கம்பெனி முதலாளி மகன் சரவணக்குமாருடையது. கேம் ஆடுவதற்கென்றே நாலு வருஷத்துக்கு முன்னால் வாங்கியது, செங்கல் கனம். கம்பெனி டிரைவர் அவள் ரிப்பேர் கடையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவர் புதுசு, இவள் யாரென்று அவருக்குத் தெரியாது. மூடியில் ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கரைப் பார்த்ததுமே இவளுக்கு வயிறு எரிந்தது.

மூணு வருஷத்துக்கு முன்பு, 2006 வரை, அந்தக் கம்பெனியின் டிசைன் செக்‌ஷனில்தான் அவள் வேலை பார்த்தாள். முதலாளி சிவராஜ் ஒரு வெளிநாட்டு ஆர்டருக்காகப் பன்னிரண்டு சாயத் துண்டுகளை வாசல் வெயிலில் வைத்துப் பார்த்து, ஒரு மாதுளை நிறத்தைப் பொறுக்கி எடுத்தார். டியூப்லைட்டில் நிறம் பார்க்கிறவன் தொழிலுக்கே லாயக்கில்லை என்பது அவர் கட்சி. அந்த நிறத்தில் நூல் வந்து இறங்குவதற்குள் டிசைன் வெளியே போய்விட்டது. முதலிபாளையத்தில் போட்டிக் கம்பெனி நடத்திய அப்புசாமி அதே டிசைனை அதே நிறத்தில் ஓட்டி, ஆர்டரைத் தட்டிக்கொண்டு போனார். சிவராஜ் கம்பெனி மெஷினில் அந்த நிறம் ஒரு முழம்கூட ஓடவில்லை.

டிசைனைக் கொடுத்தது அன்புசெல்விதான் என்று அப்பாவிடம் சொன்னவன் சரவணக்குமார். வாய் கூசாமல் சொன்னான்.

ஷிப்ட் விடுகிற நேரத்தில் கேட்டில் நிறுத்தி, அவள் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். டிபன் பாக்ஸ் உருண்டது. மாதவிலக்குக்கென்று வைத்திருந்த நாப்கின் இருநூறு பேர் காலடியில் கிடந்தது. சிவராஜ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகு திருப்பூரில் எந்தக் கம்பெனியும் அவளை உள்ளே விடவில்லை. பேசி முடித்த கல்யாணமும் நின்றது.

இப்போது அவன் லேப்டாப் அவள் மேஜையில் குடல் தெரியக் கிடந்தது.

என்னென்னவோ செய்யலாம். சிப்புக்குத் தடவுகிற பசையைத் தடவாமல் மூடிவிட்டால் புதுக் கார்டும் ஒரு மாதத்தில் வெந்துபோகும். கேட்பாரில்லை. கை பரபரத்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு விசிறியைத் தூக்கினாள். உள்ளே அடைத்திருந்த பஞ்சு ஒரே துண்டாக வந்தது. பனியன் ஊரில் எந்த லேப்டாப்பைத் திறந்தாலும் பஞ்சுதான். ஊதித் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

இதை ஊதவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அலுங்காமல் எடுத்து ஒரு பாலித்தீன் கவரில் போட்டு, வாயை மடித்துப் பின் அடித்தாள்.

அதற்குப் பின் அவள் செய்த வேலையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. பார்சலில் வந்த கார்டைப் பொருத்தினாள். பசையை அளவாகத் தடவினாள். இரண்டு மணி நேரம் கேமை ஓடவிட்டுச் சூடு பார்த்தாள். இவ்வளவு சுத்தமாக அவள் யாருக்கும் செய்து கொடுத்ததில்லை.

கம்பெனிக்குப் போன் செய்து, கார்டு மாற்றியாகிவிட்டது, முதலாளி வந்து பழசைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னாள்.

வருவார் என்று அவளுக்குத் தெரியும். அவர் கம்பெனியில் தையல் மெஷின் ஊசி உடைந்தால், எல்லாத் துண்டையும் பொறுக்கித் தாளில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு துணிக்குள் போய்விட்டால் வெளிநாட்டுக்காரன் மொத்தச் சரக்கையும் திருப்பிவிடுவான். அந்தப் பயம் ஊறிப்போய், வீட்டு மிக்ஸிக்கு பிளேடு மாற்றினால்கூடப் பழசைக் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டார்.

மத்தியானமே வந்துவிட்டார். அவளைக் கண்டதும் முகம் சுருங்கியது. அவள் உட்காரச் சொல்லவில்லை.

"பழசைக் காட்டு அம்மிணி. பாத்துப்போட்டுப் போறேன்."

உடைந்த ஊசியை ஒட்டுகிற மாதிரியே தாளில் டேப் போட்டு ஒட்டிய கார்டை அவர் முன்னால் நகர்த்தினாள். கருகலைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார்.

பிறகு அவள் கவரைப் பிரித்து மேஜைமேல் கவிழ்த்தாள்.

"இதும் தம்பி லேப்டாப்புக்குள்ள இருந்துதுங்க."

பஞ்சைக் கண்டால் அவர் விரல் சும்மா இருக்காது. எடுத்து உருட்டினார். மேலாக வெள்ளை, அவர் கம்பெனிப் பஞ்சு. வெள்ளை பிரிந்தது. அடியில் ஒரு விரல்கடை கனத்துக்கு இறுகிக் கிடந்தது மாதுளை நிறம். ஒருநாள் எட்டிப் பார்த்து வந்தால் சேருகிற பஞ்சு இல்லை அது. அப்புசாமி கம்பெனியில் அந்த நிறம் ஓடிய மெஷினுக்குப் பக்கத்திலேயே நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தால் சேருவது.

உருட்டிய விரல் நின்றது.

பஞ்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசல் வெயிலுக்குப் போனார்.

அன்புசெல்வி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அடுத்த லேப்டாப்பை இழுத்து வைத்துத் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தாள். எல்லாம் கழன்ற பிறகும் அவர் வெயிலிலேயே நின்றார்.

நிறம் பார்க்க அவர் ஒருநாளும் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.