கேட்டதுக்கு மட்டும்

தலையில் ஹெல்மெட், கண்ணில் கண்ணாடி, மூக்கிலிருந்து தாடை வரை வெள்ளை முகமூடி. விசாரணை அறைக்குள் நுழைந்த பாதுகாப்பு அதிகாரி, வேற்றுக் கிரகத்திலிருந்து இப்போதுதான் இறங்கி வந்தவர் போலிருந்தார்.

"இது ஏசி ரூம் சார். அதையெல்லாம் கழட்டிட்டு உக்காரலாமே" என்றார் மேனேஜர் அம்மா.

"பாதுகாப்புக்கு லீவு கிடையாது மேடம்" என்றது முகமூடி.

அவரிடம் வாயைக் கொடுத்து மீள முடியாது என்று மேனேஜர் அம்மா ஃபைலைப் பிரித்தார். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்காதவர்களைத் துரத்திப் பிடித்து வகுப்பெடுக்கிற மனிதர் அவர். டீயை ஆற்றாமல் குடித்தால்கூட அவரிடமிருந்து அறிவுரை வரும்.

எதிரே தோட்டக்காரப் பெண்மணி நின்றுகொண்டிருந்தாள். வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு. நேற்று மதியம் அலுவலக வளாகத்தின் தோட்ட ஷெட்டில், காய்ந்த இலைகளை ஊதித் தள்ளும் ப்ளோயருக்குப் பெட்ரோல் ஊற்றும்போது தீப்பிடித்துவிட்டது. மெஷின் கரிக்கட்டை ஆகிவிட்டது.

அதை ஓட்டுகிறவள் அவள்தான். தவறு அவளுடையது என்று முடிவானால் இன்றோடு வேலை போய்விடும். மகளின் நர்ஸிங் படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அதிகாரி எடுத்த எடுப்பிலேயே அவளுக்குச் சட்டம் போட்டார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். கதை வேண்டாம்."

"சரிங்கய்யா."

பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, தான் நடத்திய பயிற்சி வகுப்பைப் பற்றி ஆரம்பித்தார். ஆரம்பித்தால் லேசில் ஓய்கிறவர் இல்லை. எஞ்சினை நிறுத்தி நன்றாக ஆறவிட வேண்டும். ஷெட்டுக்குள் ஊற்றவே கூடாது, வெட்டவெளியில் தரையில் வைத்துத்தான் ஊற்ற வேண்டும். டேங்கை வழிய வழிய நிரப்பக் கூடாது. சிந்தினால் துடைத்து, கேனைத் தூரமாக வைத்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓட்டும்போது காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. ஆள் நிற்கிற பக்கம் குழாயைத் திருப்பவே கூடாது.

இத்தனையையும் சுருக்கி அவரே ஒரு வாசகம் எழுதி ஷெட் வாசலில் மாட்டியிருந்தார். 'ஊற்றும்போது ஊதாதே, ஊதும்போது ஊற்றாதே.' முதல் பாதி சிகரெட்டுக்கு, இரண்டாவது பாதி ப்ளோயருக்கு என்று பக்கத்திலேயே நின்று ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். தலைமை அலுவலகம் அதற்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு கொடுத்தது.

வாசகத்தை மாட்டிய கையோடு தீயணைப்பு சிலிண்டரைத் தன் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். ஷெட்டில் வைத்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். நேற்றைய தீயில் அதற்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

"பெட்ரோல் ஊத்தினது நீதானே?" என்று விசாரணையைத் தொடங்கினார்.

"ஆமாங்கய்யா."

"ஷெட்டுக்குள்ள வச்சுத்தானே?"

"ஆமாங்கய்யா. அது வந்து..."

"கேட்டதுக்கு மட்டும். எஞ்சின் ஆறியிருந்துச்சா?"

"இல்லீங்கய்யா."

"பாத்தீங்களா மேடம், அவ வாயாலயே ஒத்துக்கிட்டா."

தீப்பிடித்தபோது அவர் எங்கே இருந்தார் என்று மேனேஜர் கேட்டார். தன் அறையில் உட்கார்ந்து தீ விபத்துத் தடுப்பு பற்றிய உரையைத் தயார் செய்துகொண்டிருந்தாராம். கூச்சல் கேட்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். அவளே ஈரச் சாக்கைப் போட்டு மெஷினை அணைத்துவிட்டாளாம்.

அதற்காக அவளைப் பாராட்டவும் செய்தார். பாராட்டிவிட்டு, இவளை வேலையை விட்டுத் தூக்கினால்தான் மற்றவர்களுக்குப் புத்தி வரும் என்று முடித்தார்.

இந்த மாதத்தோடு படிப்பை நிறுத்திக்கொள் என்று மகளிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று அவள் நினைத்தாள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லையே.

மேனேஜர் அம்மாவுக்கு எரிச்சலாக வந்தது. அந்த ஆளின் குரலே பிடிக்கவில்லை. ஆனால் அவளே ஒத்துக்கொண்ட பிறகு என்ன செய்ய முடியும்? வேலைநீக்க உத்தரவில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். எதிரே அந்தக் கட்டுப் போட்ட கை கண்ணில் பட்டது. எங்கோ இடித்தது.

"ஏம்மா, நீங்க சாக்கைப் போட்டுத்தானே அணைச்சீங்க? அப்புறம் கை எப்படிச் சுட்டுச்சு?"

அதெல்லாம் விசாரணைக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று முகமூடி அவசரமாகக் குறுக்கே வந்தது. மேனேஜர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"அவங்க சொல்லட்டும்."

தோட்டக்காரப் பெண்மணி நிமிர்ந்தாள். கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாள்.

"மெஷினுக்குத்தாங்கம்மா சாக்கு. ஐயாவோட மீசையைக் கையாலதான் அணைச்சேன்."