பச்சைத் தண்ணீர்

குப்பைக் கிடங்கைச் சோதிக்கப் போகிறவர்களுக்கு அங்கே பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதி. அதிகாரி மரகதவல்லி ஏழு வருடமாக அதை மீறியதில்லை. உடன் வரும் துரைக்கண்ணு மீறுவார். குப்பை பிரிக்கும் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, "ஏண்ணே இளைச்சிட்டீங்க, அண்ணி சோறு போடலியா?" என்று டீயை நீட்டுவார்கள். மரகதவல்லிக்கு வயிறு எரியும். அவளை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள்.

இன்று கிடங்கின் கழிவுநீர் பக்கத்துக் கிணற்றில் கலந்திருந்தது. துரைக்கண்ணு வேறு பக்கம் பார்த்தார். அவள் கிடங்கை மூடும் உத்தரவை எழுதிக் கையெழுத்திடக் குனிந்தாள். அந்தப் பெண்களில் ஒருத்தி டீ டம்ளரோடு ஓடி வந்தாள்.

"அக்கா, ஒரு வாய் குடிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்களேன்."

பேனா தாளைத் தொட்டபடி நின்றது.

"இன்னொரு தடவை கூப்பிடு" என்றாள் மரகதவல்லி.