படம் மாட்டியிருந்த சுவர்

“யாரைக் கேட்டு இந்தச் சுவத்துல கை வச்சே?”

வந்ததும் வராததுமாக முத்தம்மை பொரிந்து தள்ளினாள். ‘உக்காருங்க ஆச்சி’ என்று வாடகைக்கு இருக்கும் ரொஸ்னா இழுத்துப் போட்ட நாற்காலியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜெலுத்தோங்கில் இருந்த அந்த அடுக்குமாடி வீடு முத்தம்மைக்குச் சொந்தம். மகன் செந்திலையும் மருமகள் ஸ்ரீநிதியையும் கல்யாணமான கையோடு அதில்தான் குடிவைத்திருந்தாள். கூடத்தைப் பிரித்து ஓர் அறை எடுக்க, செந்தில் மெல்லிய பிளாஸ்டர் போர்டில் குறுக்குச் சுவர் வைத்தான். வழவழவென்று அவ்வளவு அழகாக இருந்த சுவர். இப்போது டுரியான் பழத்தோல் மாதிரி முள்ளுமுள்ளாகத் துருத்திக்கொண்டு நின்றது.

வீடியோ பார்த்துத் தானே செய்ததாக ரொஸ்னா தயங்கித் தயங்கிச் சொன்னாள். பூச்சுமாவைக் குழைத்து அப்பி, ஈரம் காயும் முன் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தால் இப்படிப் பூ விழுமாம். பார்க்க நன்றாக இருக்கும் என்றுதான் செய்தாளாம்.

“சாஞ்சா முதுகுத் தோல் உரியும். இதுல பூ வேற.”

புது வாடகைக்காரி மேல் முத்தம்மைக்கு ஏற்கனவே ஒரு மனத்தாங்கல். அந்தச் சுவரில் இருந்த சாமி படங்களையெல்லாம் இறக்கிவிட்டாள். முஸ்லிம் வீட்டில் அவற்றை வைத்துக்கொள்ள முடியாது, நியாயம்தான். புதுத் துணியில் சுற்றி மரியாதையாகக் கொண்டுவந்தும் கொடுத்தாள். ஆனாலும் மனசு ஆறவில்லை.

அந்தப் படங்களை மாட்டியவள் ஸ்ரீநிதி. மாட்டிய லட்சணம் இருக்கிறதே. முருகன் தோள் உயரத்தில், லட்சுமி அதற்கும் ஒரு சாண் கீழே, கோயில் காலண்டர் கதவோரமாக. சாமியை அண்ணாந்து பார்த்துக் கும்பிட வேண்டும் என்றுகூட உன் வீட்டில் சொல்லித் தரவில்லையா என்று முத்தம்மை கேட்டபோது, அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிபோங் திபாலுக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஏன் என்று கேட்டால் அதற்கும் வாய் திறக்கவில்லை. செந்தில் அம்மாவோடு வந்து தங்கிவிட, வீடு வாடகைக்குப் போனது. திமிர் பிடித்தவள், என் பிள்ளையை நடுத்தெருவில் விட்டுவிட்டாள் என்று முத்தம்மை உறவு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசப்போகிறார்கள். குற்றம் மொத்தமும் அவளுடையதுதான் என்று பெரியவர்கள் முன்னால் சொல்லி அத்துவிட்டுவிட வேண்டும் என்று முத்தம்மை கங்கணம் கட்டியிருந்தாள்.

கீழே காரில் உட்கார்ந்திருந்த செந்திலுக்குப் போன் போட்டாள். மேலே வந்து இந்த அநியாயத்தைப் பார் என்றாள். அவன் வரவில்லை. “விடுங்கம்மா, அதுபாட்டுக்கு இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கும்” என்றான்.

பார்க்காமலே நல்லாயிருக்குமாம். முத்தம்மைக்குக் கோபம் தலைக்கேறியது.

“எனக்கு முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியே வேணும்.”

“காலி பண்றப்போ செஞ்சு தர்றேன்லா ஆச்சி. இப்ப வேணாமே.”

வேணாமாமே. முத்தம்மை பால்கனி வாளியில் கிடந்த சுரண்டியை எடுத்து வந்தாள். ரொஸ்னா குறுக்கே வந்து நின்றாள். முத்தம்மை அவளை ஒதுக்கிவிட்டு, தோள் உயரத்தில் சுரண்டியைக் கொடுத்து நெம்பினாள்.

பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே ஒட்டியிருந்த வலைத்துணி, அதற்குப் பின்னால் கசக்கித் திணித்த செய்தித்தாள். பிடித்து இழுத்தாள். சுவரில் ஓர் ஓட்டை.

“ஓ, சுவத்தை உடைச்சிட்டுத்தான் பூசி மூடி வச்சியா? நல்லா இருக்கும்னு செஞ்சாளாம்.”

முத்தம்மை இன்னும் வேகமாகச் சுரண்டினாள். ஒரு சாண் கீழே இன்னோர் ஓட்டை. இவள் குட்டு முழுக்க உடையட்டும் என்று கதவு வரைக்கும் சுரண்டிக்கொண்டே போனாள். கதவோரமாக ஒன்று.

கை நின்றது.

முருகன். லட்சுமி. காலண்டர்.

முத்தம்மை தன் கையை முஷ்டியாக மடக்கி முதல் ஓட்டைக்குள் விட்டாள். தாராளமாக நுழைந்தது. ஓர் ஆண்பிள்ளையின் கை போன இடம் அது. ஸ்ரீநிதி குள்ளம். முத்தம்மையின் காதுக்குத்தான் வருவாள். அவள் இந்தச் சுவரோரம் நின்றால் ஓட்டை சரியாக அவள் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

முத்தம்மை கையை வெளியே எடுத்துவிட்டு ரொஸ்னா பக்கம் திரும்பினாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“படத்த இறக்கின அன்னிக்கே.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“அந்தப் பொண்ணே வாயத் தொறக்கல. நான் எப்படி ஆச்சி சொல்றது? தெனம் பாத்துக்கிட்டு இருக்கவும் முடியல. அதான் பூசிட்டேன்.”

கைப்பேசி அடித்தது. செந்தில். முத்தம்மை எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

கீழே சிதறிக் கிடந்த பூச்சுத் துண்டுகளை ரொஸ்னா குனிந்து பொறுக்கினாள்.

“திரும்பப் பூசி மூடிடவா ஆச்சி?”

“வேணாம்” என்றாள் முத்தம்மை. “ஞாயித்துக்கிழமை உன் கூடத்தக் கொஞ்ச நேரம் எனக்குக் குடு. பேச வர்றவங்க அத்தனை பேரும் இந்தச் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காரட்டும்.”